ஒளிக்குப் பின்னே ஓடும் வாயு
(வெள்ளி விழாக் கல்வியரங்கில் ஆற்றிய உரை)



லேசர் என்றதும் பளிச்சிடும் ஒளிக்கற்றையே நம் நினைவிற்கு வருகிறது. அவ்வொளிக்கு உணவூட்டும் தொட்டிகளையும் குழாய்களையும் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அவற்றைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

வேதிவினை தரும் ஆற்றலால் இயங்கும் லேசரை 1965-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் காஸ்பர், பிமென்டல் என்னும் இருவர் முதன்முதலில் இயக்கிக் காட்டினர். 1977-இல் நியூ மெக்சிகோவிலுள்ள அமெரிக்க விமானப்படை ஆய்வுக்கூடத்தில் ஆக்சிஜன்-அயோடின் லேசர் பிறந்தது.

அதன் இயக்கத்தைக் கேளுங்கள். காரம் கலந்த ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலில் குளோரின் வாயுவைச் செலுத்தினால், ஆற்றல் மிகுந்த நிலையில் ஆக்சிஜன் உண்டாகிறது. அதனுடன் அயோடின் ஆவியைக் கலக்கின்றனர். ஆக்சிஜன் தன் ஆற்றலை அயோடின் அணுவுக்கு ஈகிறது, அவ்வணு 1.315 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்குப் புலனாகாத ஒளியை உமிழ்கிறது.

சொல்வது எளிது, செய்வதோ அரிது. கரைசல் சூடேறினால் நீராவி மிகும். அந்நீராவி அயோடினின் ஆற்றலைப் பறித்துவிடும். ஆதலின் கரைசலைக் குளிர்வித்தல் வேண்டும். அயோடினோ சாதாரண வெப்பநிலையில் திண்மம். குழாய் குளிர்ந்தால் உள்ளேயே படிந்துவிடும். ஆதலின் அக்குழாயைச் சூடாக வைத்தல் வேண்டும். ஒரே பொறியில் ஒருபுறம் குளிர், மறுபுறம் வெப்பம்! கலந்த வாயு ஒலியை விஞ்சும் வேகத்தில் பாய்ந்து, விரிந்து, குளிர்கிறது. பயன் முடிந்த வாயு உடனே வெளியேற வேண்டும். தேங்கினால் ஒளி மங்கும். குளோரின் நச்சு வாயு. ஒரு மூட்டு கசிந்தாலும் உயிருக்கே ஆபத்து.

2010 பிப்ரவரியில் போயிங் 747 விமானத்தில் ஏற்றப்பட்ட இத்தகைய லேசர், பறந்து சென்ற ஏவுகணையை அழித்தது. எனினும் செலவும் நடைமுறை இடர்ப்பாடுகளும் கருதி 2011-இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. வாயுத் தொட்டிகள் வேண்டாத, மின்சாரத்தால் இயங்கும் லேசர்களையே இன்று படைத்துறையினர் பெரிதும் நாடுகின்றனர். அறிவு அழிவுக்குப் பயன்படுவதை நான் போற்றவில்லை. அவ்வறிவின் நுட்பத்தையே போற்றுகிறேன்.

இளைஞர்களே! குழாய் பூட்டும் கையைத் தாழ்ந்த கை என்று எண்ணும் சமுதாயத்தில் நாம் பிறந்தோம். அக்கையின் திறமின்றி அறிவியலின் அரிய ஒளியும் பிறப்பதில்லை என்பதைக் கண்டோம். தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர் வேலை கற்க வெட்கப்படாதீர்கள். ஆனால் அத்துடன் நின்றுவிடாதீர்கள். அழுத்தம், வெப்பம், ஓட்டம் ஆகியவற்றின் கணக்கையும் கற்றுக்கொள்ளுங்கள். பிறர் வரைந்த படத்துக்குக் குழாய் பூட்டியவர்களின் பிள்ளைகள், அப்படத்தையே வரையும் நாள் வர வேண்டும். அதற்கே இச்சங்கம், அதற்கே இவ்விழா.