வானத்தில் நகரும் புள்ளி

நோட்டன் பிரிட்ஜில் மூடுபனி விலகி விண்மீன்கள் தெளிவுறத் தெரியும் இரவு அருமையாகவே வாய்க்கும். ஆகவே, புவியை நெருங்கிவரும் குறுங்கோள்களையும் வால்வெள்ளிகளையும் தேடுவோர் நம் மலைகளை நாடார். அமெரிக்காவின் அரிசோனா மலைகளிலிருந்து, வானத்தின் ஒரே பகுதியைச் சில நிமிட இடைவெளியில் மீண்டும் மீண்டும் படம் பிடிக்கிறார்கள். விண்மீன்கள் நின்ற இடத்தில் நிற்கும். நகரும் புள்ளியே அவர்கள் தேடுவது.

2015 அக்டோபர் 3ஆந் திகதி அவ்வாறு அகப்பட்ட ஒரு புள்ளி, நவம்பர் 13ஆந் திகதி இலங்கையின் தென்கரைக்கு அப்பால் விழுமெனக் கணித்துரைத்தார்கள். அந்நாளில், முற்பகல் 11.48 மணியளவில், கடலுக்கு மேலே அது எரிந்து சிதறியது. வந்தது கல்லன்று, மனிதன் ஏவிய விண்கலமொன்றின் எச்சமென்பதே அறிஞர் கருத்து. நாம் எறிந்த குப்பை நம்மிடமே திரும்பியது போலும்! எனினும், ஓரிரு மீற்றர் அளவுள்ள பொருளை முன்கூட்டியே அறிந்தமை சிறு காரியமன்று.

ஆயின், 2013 பெப்ரவரி 15ஆந் திகதி ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கருகே வானில் வெடித்த, ஏறக்குறைய 20 மீற்றர் அகலமான கல்லை எவரும் முன்னறிந்திலர். அது சூரியன் இருந்த திசையிலிருந்து வந்தது. பேரொளியைக் கண்டவர் பலர் சாளரத்தருகே சென்று நின்றனர். சிறிது நேரங்கழித்து வந்த அதிர்ச்சியலை கண்ணாடிகளை நொறுக்கியது. ஏறத்தாழ 1,500 பேர் காயமுற்றனர்.

ஒளி முந்தும், ஓசை பிந்தும். வானில் திடீரெனப் பேரொளி தோன்றினால் சாளரத்தை விட்டு விலகுங்கள் என்று என் மாணவருக்கு ஆண்டுதோறும் சொல்லுகிறேன். சிறுவர் சிரிக்கிறார்கள், ஆனாலும் சொல்லுகிறேன்.