ஊர்மொழியில் கற்றவர் ஊரில் நிற்பர்
(சங்கரன்கோயிலில் ஆற்றிய உரை)



கோமதியம்மன் கோயிற் புற்றுமண்ணை நோய்தீர்க்கும் மருந்தெனப் பூசும் ஊர் சங்கரன்கோயில். நம்பிக்கை ஒருபுறம் நிற்க. நள்ளிரவில் பேறுகால நோவுற்ற தாய்க்கு வேண்டுவார் மருத்துவர் அன்றோ? மக்கள் வரிப்பணத்தில் பயின்றோர் பலர் கடல்கடந்து செல்வது ஏன்?

1847-இல் அமெரிக்காவினின்று யாழ்ப்பாணம் போந்தவர் மருத்துவர் சாமுவேல் பிசுக் கிறீன். மானிப்பாயில் இளைஞர்க்கு முதற்கண் ஆங்கிலத்தில் மருத்துவம் பயிற்றினார். விளைவு யாது? கற்றோர் பலர் அரசுப் பணியும் உயர்ந்த ஊதியமும் நாடி அயலிடம் பெயர்ந்தனர். கரணியம் உணர்ந்த கிறீன், 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். தாமே தமிழ் பயின்று, உடற்கூறு, அறுவை, வேதியியல் ஆகிய துறைகளில் தமிழ்நூல்கள் ஆக்கினார். மாணவரைக் கொண்டும் ஆக்குவித்தார். தமிழில் கற்றவர் தம் மக்களிடையே தங்கிப் பணிபுரிவர் என்பதே அவர்தம் துணிவு.

மொழி ஒன்றே கரணியம் அன்று. 2022-இல் இலங்கையில் பொருளியல் நெருக்கடி முற்றியபோது, கட்டணமின்றிக் கற்ற மருத்துவர் பலர் வெளியேறினர். மருத்துவர் தட்டுப்பாடு மிக்க நாடுகளினின்று முனைந்து ஆள் சேர்த்தல் தகாதென 2010-இல் உலக நலவாழ்வு நிறுவனம் நெறிமுறை வகுத்தது. அஃது அறிவுரையே, கட்டுப்படுத்தும் சட்டமன்று.

ஆகவே, செல்வோரைப் பழித்துப் பயனில்லை. சிற்றூரில் பணிபுரிவார்க்குத் தக்க ஊதியமும் மேற்படிப்பில் முன்னுரிமையும் வேண்டும். தமிழில் மருத்துவக் கல்வியும் வேண்டும். நூற்றைம்பது ஆண்டுகட்கு முன்னரே ஓர் அயலவர் செய்து காட்டியதைத் தமிழர் செய்யலாகாதோ?

வாழ்க தமிழ்!