இல்லத்தில் முரட்டுப் பிள்ளையைப் பேணுதல்

(நம் சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி நிதியைப் பற்றியும், கலியாண மண்டபத்தைப் பற்றியும், பரீட்சையில் தேறிய பிள்ளைகளுக்குப் பரிசளிப்பதைப் பற்றியும் இம்மேடையில் பன்முறை பேசியதுண்டு. பரிசு பெற மேடைக்கு ஒருநாளும் வரமாட்டாத பிள்ளைகளைப் பற்றி இதுகாறும் ஒருவரும் வாய் திறந்ததில்லை. அவர்களும் நம் குலத்துப் பிள்ளைகளே. அவர்களுள் ஒருவன் நம் இல்லத்தில் இருக்கின்றான். ஆதலின் அப்பொருளை இன்று பேசத் துணிந்தோம்.

நம் மகனுக்கு வயது 16. நாலைந்து சொற்களுக்கு மேல் அவனுக்குப் பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்னும் வளர்ச்சிக் குறைபாடும், அறிவுத்திறன் குறைவும் அவனுக்கு உண்டென்று வைத்தியர்கள் கூறினர். சிறு பிராயத்தில் அவன் அழுதால் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு வயதிற்குப் பின் அவன் தோள் நம் தோளுக்கு மேல் உயர்ந்துவிட்டது. சினம் மூண்டால் தன் கையைத் தானே கடிப்பான். தலையைச் சுவரில் மோதுவான். பெற்ற தாயை அடிப்பான். நள்ளிரவில் எழுந்து வாய்க்காலை நோக்கி ஓடுவான். ஆடிப்பெருக்கன்று ஊரார் யாவரும் காவிரிக் கரையில் மகிழ்ந்திருக்க, நாம் கதவைத் தாழிட்டு அவனைக் காத்துக் கிடந்தோம்.

மறைப்பதிற் பயனில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் தை மாதம் சம்பா அறுவடை நடந்தது. களத்தில் நிற்க நாம் வேண்டும். வீட்டில் அவனைப் பிடிக்க ஆளில்லை. மாட்டுக் கொட்டில் தூணில் அவனைக் கயிற்றாற் பிணித்தோம். ஒரு பகற்பொழுதுக்கு என்று தொடங்கியது ஒன்பது நாளாயிற்று. கணுக்காலிற் புண் கண்ட அன்று கயிறு அறுபட்டது. அறுத்தது நம் கையன்று. அவன் தாயின் கை.

கட்டுவதன் முடிவு யாதென்பதை நம் நாடு முன்னரே கண்டிருக்கின்றது. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பற்றிற்று. சங்கிலியிற் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓடித் தப்ப இயலாது 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே விட்டுவந்தவர்களிற் பலர் கொடியவர்களல்லர்; நம்மைப் போலக் களைத்துப்போனவர்களே. மனநோயுற்ற எவரையும் எவ்வகையிலும் சங்கிலியிடலாகாதென்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் விதித்துள்ளது.

நிற்க. குணசீலத்தில் 48 நாள் தங்கி வழிபடுமாறு சுற்றத்தார் பலர் கூறினர். பக்தியை நாம் குறைகூறவில்லை. வழிபாடு மனத்துக்கு வலிவு தரும். ஆயினும் அது வைத்தியத்துக்கு ஈடாகாது. இரண்டையும் ஒருங்கே செய்வதில் தடையொன்றும் இல்லை.

வைத்தியர் நமக்கு முதலிற் கொடுத்தது மருந்தன்று. ஒரு நோட்டுப் புத்தகம். சினம் மூள்வதற்கு முன் என்ன நடந்தது, அவன் செய்தது யாது, அதன்பின் நாம் செய்தது யாது என்னும் மூன்றையும் நாள்தோறும் எழுதச் சொன்னார். அவன் தாய் ஒரு மாதம் எழுதினாள். அதற்குப் பின்னரே நமக்குக் கண் திறந்தது. மலம் கழியாத நாட்களில் முரட்டுத்தனம் மிகுந்திருந்தது. கதிரடிக்கும் இயந்திரத்தின் ஓசை கேட்டபோது மிகுந்திருந்தது. உணவு உண்ணுங்கால் மிக மிகுந்திருந்தது. வாயைச் சோதித்தபோது இடப்புறக் கடைவாய்ப்பல் ஒன்று அழுகியிருந்தது. அவன் சுவரில் மோதிய பக்கமும் அதுவே. பல்வலி என்று சொல்ல வாயில்லாத பிள்ளையையே நாம் தூணிற் கட்டியிருந்தோம்!

ஆகவே, நம் அன்பர்களுக்குக் கூறும் முதல் வார்த்தை இது: முரட்டுத்தனம் திடீரென மிகுந்தால், பல், காது, வயிறு, உறக்கம், வலிப்பு ஆகியவற்றை முதலிற் சோதிப்பியுங்கள்.

இரண்டாவது, நாமே அறியாமல் அம்முரட்டுத்தனத்துக்கு உரமிடுகின்றோம். பிள்ளை கூச்சலிட, அக்கம்பக்கத்தாருக்கு அஞ்சி அவன் கேட்டதைக் கொடுத்துவிடுகின்றோம். வீடு அடங்குகின்றது. கூச்சலிட்டாற் கிடைக்கும் என்று அவன் கற்கின்றான். கொடுத்தால் அடங்குவான் என்று நாம் கற்கின்றோம். மறுநாள் கூச்சல் பெருகுகின்றது. அமெரிக்க அறிஞர் ஜெரால்டு பேட்டர்சன் 1982-இல் வெளியிட்ட நூலில் இவ்விஷச் சுழலை விரிவாக ஆராய்ந்தார். கேட்பதற்கு வேறு வழியைக் கற்பித்தால் முரட்டுத்தனம் குறைகின்றதென்பதை 1985-இல் கார், டுராண்டு என்னும் இருவர் பரிசோதித்துக் காட்டினர். நாமும் சோறு, தண்ணீர், வெளியே, போதும் என நான்கு பட அட்டைகள் செய்தோம். பல வாரங்கள் பயனின்றிக் கழிந்தன. ஒருநாள், கூட்டம் நிறைந்த கூடத்தில், அவன் தட்டை எறியாமல் ‘போதும்’ அட்டையை எடுத்துத் தாயின் கையில் வைத்தான். அவள் அன்று அழுத அழுகையை நாம் மறக்கமாட்டோம்.

மூன்றாவது, சினம் மூண்ட வேளையில் உபதேசம் கூடாது. அடித்தல் அறவே கூடாது. தாழ்ந்த குரலில் இரண்டொரு சொல், மற்றவர்களை அப்புறப்படுத்தல், எட்ட நின்று காத்தல், இவையே போதும். அரிவாள், பூச்சிமருந்து, மண்ணெண்ணெய் ஆகியவற்றைப் பூட்டி வையுங்கள். கிணற்றுக்கு மூடியும் கொல்லைக் கதவுக்கு உயர்ந்த தாழும் அமையுங்கள்.

நான்காவது, மருந்து. ஆட்டிசமுள்ள பிள்ளைகளின் கடுஞ்சினத்துக்கு ரிஸ்பெரிடோன் என்னும் மருந்தை அமெரிக்க அரசு 2006-இல் அங்கீகரித்தது. அது சினத்தைத் தணிக்கும், உடற்பருமனையும் கூட்டக்கூடும். வைத்தியர் மேற்பார்வையிலேயே கொடுக்க வேண்டும். நம் மனம்போல் நிறுத்தலாகாது. கலியாணம் செய்துவைத்தால் தெளியும் என்னும் பேச்சு ஒன்று நம்மவரிடையே உண்டு. அது மருந்தன்று, ஓர் அயல்வீட்டுப் பெண்ணுக்கு இழைக்கும் அநீதி.

இப்பாரத்தைக் குடும்பம் தனித்துச் சுமக்க இயலாது. 1950-களில் அமிர்தசரசு மனநோய் மருத்துவமனையில் வித்தியாசாகர் என்னும் வைத்தியர், நோயாளிகளின் உறவினரைக் கூடாரங்களில் உடன் தங்கவைத்துப் பேணும் முறையைக் கற்பித்தார். பின்னர் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் குடும்பத்தாரை உடன் தங்கவைத்தது. வீட்டாரை விலக்கி வைத்தியமில்லை என்பதே அவர்கள் கண்ட உண்மை.

அரசின் உதவியும் உண்டு. தஞ்சை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கின்றது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசம் உட்பட 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளது. சான்றிதழ் பெறத் தயங்காதீர்கள். 14416 என்னும் எண்ணில் தொலைபேசி வழி மனநல ஆலோசனை 2022 முதல் நடைபெறுகின்றது. பிள்ளைக்கு 18 வயது நிரம்பியபின், 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்டிசமும் அறிவுத்திறன் குறைவும் உடையவர்களுக்குப் பாதுகாவலர் நியமனம் பெறலாம். ‘நமக்குப் பின் யார்?’ என்று இரவில் எழும் கேள்விக்கு அது முழு விடையன்று, ஒரு தொடக்கம்.

சங்கத்தாரிடம் நாம் வேண்டுவன மூன்று. ஒன்று, ஊர்தோறும் இரண்டு குடும்பங்கள் வாரத்தில் ஒரு பிற்பகல் இத்தகைய வீட்டுக்குச் சென்று அத்தாய்க்கு ஓய்வு தர வேண்டும். இரண்டு, விருந்துகளில் இப்பிள்ளைகளுக்குச் சந்தடியில்லாத இடத்தில் முற்பட இலையிட வேண்டும். மூன்று, பெண் கேட்டு வருவோர், தம்பி இப்படியிருக்கின்றான் என்று கேட்டுத் திரும்பிப்போகும் வழக்கம் ஒழிய வேண்டும். ஐயமிருப்பின் வைத்தியரைக் கேளுங்கள். திண்ணைப் பேச்சைக் கேளாதீர்கள். நம் மகளின் சம்பந்தம் ஒன்று அவ்வாறே தட்டிப்போயிற்று. தட்டிவிட்டவர்கள் இக்கூட்டத்தில் இருக்கின்றனர். அவர்கள்மீது நமக்குக் கோபமில்லை. அவர்கள் வந்து நம் மகனை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதே ஆசை.

வெள்ளத்தோடு வாழக் கற்றவர்கள் நாம். கல்லணை காவிரியை நிறுத்துவதற்கன்று, திருப்புவதற்கே கட்டப்பட்டது. அதன் கீழேதான் இந்நாட்டு வயல்களெல்லாம் விளைகின்றன. நம் மகன் இன்றும் கடிக்கின்றான். வாரத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ. முன்பு நாளுக்குப் பலமுறை. கொட்டில் தூண் அங்கேயே நிற்கின்றது. அதில் இப்பொழுது பசு மட்டுமே கட்டியிருக்கின்றது.