சற்றேண் கோயிலும் எட்டுத் தூண்களும்



உரோமாபுரிக் கோயில்களைப் பற்றிப் பேசுவோர் முழுமையாய் நிற்கும் பாந்தியனையே எடுத்துப் பேசுவர். நாம் இடிந்த கோயில் ஒன்றைப் பற்றிச் சொல்ல விழைகின்றோம். கப்பிற்றோலைன் குன்றின் அடியில், போரம் என்னும் பழைய பொதுச்சதுக்கத்தின் மேற்கு முனையில், எட்டுத் தூண்கள் நிற்கின்றன. அவை சற்றேண் கோயிலின் எச்சங்கள்.

சற்றேண் விதைப்புக்குரிய தெய்வம். சனிக் கிரகத்துக்கு உரோமர் இட்ட பெயரும் அவருடையதே. ஆயினும் நம்மவர் சனீஸ்வரனுக்கு அஞ்சுவதுபோல் உரோமர் அவருக்கு அஞ்சினாரல்லர். அவர் ஆண்ட காலமே பொற்காலம் என்றனர். தந்தத்தாலான அவர் திருவுருவத்தின் உள்ளே எண்ணெய் நிரப்பியிருந்தனர். (சனிக்கு எள்ளெண்ணெய் எரிக்கும் நமக்கு இது வியப்பாகாது!) உருவத்தின் கால்கள் ஆண்டு முழுவதும் கம்பளிக் கட்டினாற் பிணிக்கப்பட்டிருக்கும். திசெம்பர் 17இல் தொடங்கும் விழாவிலே கட்டு அவிழும். அந்நாட்களில் எசமானர் அடிமைகளுக்கு விருந்தளிப்பர்; தாமே பரிமாறுவாரும் உளர். விழா முடிந்ததும் அடிமை அடிமையே.

கோயில் கி.மு. 497 அளவில் எழுந்தது என்பது மரபு. கி.மு. 42இல் பிளாங்கஸ் என்பார் அதைப் புதுப்பிக்கத் தொடங்கினார். இக்கோயிலே குடியரசின் திறைசேரியுமாகும். கி.மு. 49இல், உள்நாட்டுப் போருக்குப் பணம் வேண்டி, யூலியஸ் சீசர் இங்கு வந்தார். மக்கள் காவலராகிய மெற்றெல்லஸ் வழிமறித்தார். திறப்புக் கிடையாமையாற் கொல்லரை அழைப்பித்த சீசர், விலகாவிடிற் கொல்வதாக மிரட்டினார். மெற்றெல்லஸ் விலகினார், பொன் போயிற்று. அவர் சீசரின் எதிர்க்கட்சியினர் என்பது உண்மையே. எனினும், படைத்தலைவன் முன்னே பொதுப்பணத்துக்காகத் தனியனாய் நின்றமை சிறிய செயலன்று.

பின்னர்த் தீ கோயிலை அழித்தது. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் மீளக் கட்டினர் என அறிஞர் பலர் கருதுவர். அக்காலை அரசர் கிறித்தவராயினர். பழைய கோயில்களுக்குக் கொடையும் அருகியது. கட்டியோர் பழைய கற்களையே பொறுக்கிச் சேர்த்தனர். ஆகவே முன்வரிசை ஆறு தூண்களும் சாம்பல் நிறம், பக்கத்திரண்டும் செந்நிறம், எல்லாம் எகிப்தியக் கருங்கல். அடிப்பீடங்களும் ஒன்றுக்கொன்று ஒவ்வா. மேலேயுள்ள கல்வெட்டு, தீயால் அழிந்ததை மூதவையும் உரோம மக்களும் மீட்டமைத்தனர் என்று கூறுகின்றது. அதில் அரசன் பெயரில்லை, தெய்வத்தின் பெயருமில்லை.

அதன்பின் இதை அழித்தோர் பகைவரல்லர். 15ஆம் நூற்றாண்டில் பொஜ்ஜோ என்னும் இத்தாலியப் புலவர் முதன்முறை கண்டபோது கோயிலிற் பெரும்பகுதி நின்றதாம். பின்னர், உரோமாபுரி மக்களே அதன் சலவைக்கல்லைச் சுண்ணாம்புக்காகச் சுட்டுவிட்டனர் என்று அவர் எழுதிவைத்தார். சூளைக்கு ஆகாத கருங்கற்றூண்கள் எஞ்சின. பொஜ்ஜோவும் அக்காலத்தவரும் அவற்றை ஒற்றுமைத் தெய்வத்தின் கோயில் என்றே எண்ணியிருந்தனர். சற்றேணின் பெயர் நெடுங்காலஞ் சென்றே அத்தூண்களுக்கு மீண்டது.