பட்பட்டி வண்டி

தில்லி இராமகிருஷ்ணபுரத்து அரசாங்கக் குடியிருப்புகளில் வந்து குடியேறிய நாம், கன்னாட் பிளேஸிலிருந்து செங்கோட்டைக்கு ஓடிய ‘பட்பட்டி’யை எளிதில் மறப்பதற்கில்லை. இரண்டாம் உலகப் போரில் மிஞ்சிய ஹார்லி டேவிட்ஸன் மோட்டார் சைக்கிளைப் பட்டறையில் பிரித்து, பின்புறம் இரு சக்கரங்கள் பூட்டி, மேலே கூண்டு கட்டி உருவாக்கிய வாகனம் அது. ஊரிலிருந்து வந்த பெரியவர்களை அதில் ஏற்றுவதற்குள் நாம் பட்ட பாடு தனிக் கதை! முழங்கால் முட்ட அமர்ந்தால், அருகிலிருப்பவர் பேச்சும் காதில் விழாது.

பின்னாளில் டீஸல் எஞ்சின் ஏறிற்று; புகையும் மிகுந்தது. காற்று மாசைக் குறைக்கும் பொருட்டு 1998இல் அவை வீதியினின்று நீக்கப்பட்டன. அதனைக் குறைகூற மனம் வரவில்லை. அப்புகையைச் சுவாசித்தவர்கள் நாமே அல்லவா? ஆயினும், அக்கூண்டைக் கட்டிய கைகள் யாருடையவை என்று நாம் ஒருநாளும் வினவினோமில்லை; கட்டணத்தைக் கொடுத்துவிட்டு இறங்கிச் சென்றோம்.