கனியோடு பக்குவமும்

ஐரோப்பாவில் வேலியோரங்களில் தானாகவே வளர்ந்து நிற்கும் எல்டர் என்ற சிறுமரத்தைப் பற்றி இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன். கோடையின் தொடக்கத்தில் அதன் வெண்ணிறப் பூக்கள் குடை விரித்தாற்போல் மலரும். கோடை கழியும்போது மிளகளவுக் கருங்கனிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். அக்கனியிலிருந்து பாகும் ஜாமும் மதுவும் செய்வது அந்நாட்டாரின் பழைய வழக்கம்.

ஆயினும் இது பறித்தவுடன் வாயிலிடத் தக்க கனியன்று. இம்மரத்தின் இலை, தண்டு, பட்டை, பழுக்காத காய் ஆகியவற்றில், நசுக்கினால் சயனைடு நஞ்சை வெளிவிடும் பொருள் இருக்கிறது. பழுத்த கனியும் பச்சையாக உண்டால் குமட்டலை உண்டாக்கலாம். நம் மரவள்ளியில் உள்ளதும் இவ்வினத்துப் பொருளே. அதனாலன்றோ மரவள்ளிக் கிழங்கைத் தோல் சீவி, வேகவைத்து, நீரை வடித்து உண்கிறோம்?

1983ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கலிபோர்னியாவில் நடந்ததைக் கேளுங்கள். 25 பேர் கூடிய ஓரிடத்தில், காட்டு எல்டர் கனிகளை இலையோடும் கிளையோடும் பச்சையாகவே பிழிந்து, அச்சாற்றைப் பருகக் கொடுத்தார்கள். கால் மணி நேரத்திற்குள் 11 பேருக்குக் குமட்டலும் வாந்தியும் கண்டன. எட்டுப் பேரை ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். நல்லவேளையாக எல்லோரும் பிழைத்தனர்.

வளர்ப்பது எளிது. குளிர்காலத்தில் முற்றிய குச்சியை வெட்டி, ஈரமுள்ள, ஆனால் நீர் தேங்காத மண்ணில் நட்டால் போதும். இருவேறு வகைகளை அருகருகே நட்டால் காய்ப்பு மிகும். காட்டில் பறிப்போர் மட்டும், கொடிய நஞ்சுடைய ஹெம்லாக் செடியை எல்டர் என மயங்காதிருக்க வேண்டும். ஹெம்லாக்கின் தண்டு பச்சைத் தண்டு. எல்டருக்கோ கட்டையான கிளை உண்டு.

சமைக்கும் முறை இது: நன்கு கறுத்த கனிகளை மட்டும் காம்பின்றி உதிர்த்துக் கழுவுக. நீர் சேர்த்து, மூடாத பாத்திரத்தில் அரைமணி நேரம் கொதிக்க விடுக. சயனைடு எளிதில் ஆவியாகிவிடும். பின்னர் விதையும் தோலும் நீங்க வடிகட்டிச் சர்க்கரை சேர்க்கலாம்.

பச்சையாக உண்பதே இயற்கை, இயற்கையெல்லாம் நன்மை என்று எண்ணுவோர் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: அயல்நாட்டுக் கனியை விரும்பி ஏற்கும்போது, அந்நாட்டு மூதாட்டிகளின் பக்குவத்தையும் உடன் ஏற்றுக்கொள்ளுங்கள். கனியின் சுவை பாதி மரத்தில் விளைகிறது. மறுபாதி அடுப்பில் விளைகிறது.