நம் இல்லங்களும் நம் தெருக்களும்: பாதுகாப்புக்குச் சில யோசனைகள்
(பொன்விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



விழா மேடையில் திருடர்களைப் பற்றிய பேச்சா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். விழாக் காலத்தில்தான் இதைப் பேச வேண்டும் என்பது எங்கள் எண்ணம். கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலிக்குக் கைக்குழந்தை முதல் பாட்டி வரை அனைவரும் கோயிலுக்கு வந்துவிடுகிறோம். ஆகஸ்டு மாதக் கடைசியில் வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டு விடுகிறோம். நடந்தே போகிறவர்கள் வீடு திரும்பப் பல நாள்கள் ஆகின்றன. எந்தத் தெருவில் எந்த வீடு என்றைக்குக் காலியாக இருக்கும் என்று அறிய ஒருவனும் ஒற்றறிய வேண்டியதில்லை. கோயில் வாசலில் ஒட்டியிருக்கும் விழா அட்டவணையே போதும்!

1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதன் பின் தண்டவாளத்தின் இருபுறமும் குடியிருப்புகள் பெருகி, ஏரியும் வயலுமாய் இருந்த இடங்களெல்லாம் நகர்களாயின. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் முதலிய ஊர்கள் சேர்ந்து மாநகராட்சி ஆயிற்று. 2022 ஜனவரி 1 முதல் தாம்பரத்துக்கெனத் தனிக் காவல் ஆணையரகமும் வந்துவிட்டது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபின், இரவு பகலென்றில்லாமல் வெளியூர் மக்கள் நம் பகுதியில் இறங்கி ஏறுகிறார்கள். வளர்ச்சிதான், மறுப்பாரில்லை. ஆனால் முன்பு தெருவில் ஒரு புது முகம் வந்தால், "யாரைப் பார்க்கணும் தம்பி?" என்று திண்ணையிலிருந்து ஒரு குரல் கேட்கும். இன்று திண்ணையும் இல்லை; கேட்பாரும் இல்லை.

முதலில் பூட்டிய வீட்டைப் பார்ப்போம். நாம் கடைக்குப் போய் நல்ல விலையில் பெரிய பூட்டு வாங்குகிறோம். அது தொங்குகிற நாதாங்கியோ நான்கு சின்னத் திருகாணிகளில் நிற்கிறது. திருடன் பூட்டைத் தொடுவதே இல்லை. கடப்பாரையால் நாதாங்கியை நெம்பி விடுகிறான். முன் கதவு தேக்கு, பின் கதவு பலகை என்று வைத்திருக்கும் வீடுகள் எத்தனை! கதவுக்குள்ளேயே பதித்த பூட்டு நல்லது. வெளியில் தொங்கும் பூட்டு, வீட்டில் ஆளில்லை என்று தெருவுக்கே சொல்கிற அறிவிப்புப் பலகை.

அதைவிடப் பெரிய அறிவிப்பு வாசலில் இருக்கிறது. மூன்று நாளாகக் கோலம் இல்லை. கேட்டுக்குள் பத்திரிகைகள் அப்படியே கிடக்கின்றன. பட்டப்பகலில் வாசல் விளக்கு எரிகிறது. இவற்றைப் படிக்கத் தெரிந்தவனுக்கு வேறு துப்பு வேண்டாம். ஊருக்குப் போகுமுன் பால், பத்திரிகையை நிறுத்தச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் வாசல் தெளித்துக் கோலம் போடச் சொன்னால் மறுக்கவா போகிறார்கள்? சாவியை மீட்டர் பெட்டியின் மேலும், செருப்பு அலமாரியிலும், பூந்தொட்டிக்கு அடியிலும் வைக்கிற வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுவோம். அந்த மூன்று இடங்களும் நமக்குத் தெரியுமுன் அவனுக்குத் தெரியும். பீரோ சாவியைப் பீரோவின் தலைமேலேயே வைப்பது பற்றி நாங்கள் ஒன்றும் சொல்வதற்கில்லை!

வெளியூர் போவதை உள்ளூர்க் காவல் நிலையத்தில் தெரிவித்தால், ரோந்து போகிறவர்கள் அந்த வீட்டையும் பார்த்துக்கொள்வார்கள். இதற்குக் கட்டணம் கிடையாது. அதே வேளையில், புறப்படும்போதே ரயில் பெட்டியில் குடும்பமாய் நின்று படம் எடுத்து ஊர் முழுவதற்கும் அனுப்பாதீர்கள். திரும்பி வந்தபின் அனுப்பினாலும் படம் அதே படந்தான்.

இனி தெருவுக்கு வருவோம். 2025 மார்ச் 25-ஆம் தேதி காலையை நம் தாய்மார்கள் மறந்திருக்க மாட்டார்கள். சைதாப்பேட்டை, திருவான்மியூர், வேளச்சேரி என்று தென்சென்னையில், சுமார் ஒரு மணி நேரத்துக்குள் ஆறு இடங்களில் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் சங்கிலி பறித்தார்கள். காலை நடைக்கு வந்த பெண்களும் வயதானவர்களுமே அவர்களுக்கு இலக்கு. இருவர் விமான நிலையத்திலேயே பிடிபட்டனர். மூன்றாமவர் ரயிலில் போகும்போது சிக்கினார். பிடிபட்டவர்களில் ஒருவர் மறுநாளே போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அதைக் கேட்டுக் கைதட்டியவர்கள் உண்டு, நாங்கள் கைதட்டவில்லை. திருடனையும் நீதிமன்றத்தில் நிறுத்துவதுதான் நாகரிக சமுதாயத்துக்கு அழகு.

அந்தக் காலையிலிருந்து நாம் கற்க வேண்டியது இதுதான். சாலையின் இடப்புறம் போக்குவரத்துக்கு முதுகைக் காட்டி நடந்தால், பின்னால் வரும் வண்டி தெரியாது. எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலது ஓரமாக நடந்தால், வருகிறவன் முகம் தெரியும். தாலிக்கொடியைக் கழற்றுவது எளிதல்ல, அறிவோம். புடவைத் தலைப்பையோ துப்பட்டாவையோ கழுத்தைச் சுற்றிப் போர்த்துக்கொள்வது எளிது. பிடித்து இழுத்தால் விட்டுவிடுங்கள். பறி கொடுத்த பவுனை விட, வண்டியோடு இழுபட்டு முறிந்த இடுப்பு எலும்புக்கே அதிக விலை கொடுக்க வேண்டி வரும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-ஆம் பிரிவு, பறிப்பைத் தனிக் குற்றமாகவே வைத்து மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது.

கத்தியும் கம்பும் இல்லாமல் பேச்சாலேயே பறிப்பவர்களும் உண்டு. "அம்மா, முன்னால் கலாட்டா நடக்கிறது, நகையைக் கழற்றி இந்தக் காகிதத்தில் மடித்து வையுங்கள், நாங்கள் போலீஸ்" என்பார்கள். வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தால் கூழாங்கல் இருக்கும். எந்தப் போலீஸ்காரரும் நடுத்தெருவில் நகையை மடித்துக் கொடுப்பதில்லை.

இன்று திருடன் நேரில் வர வேண்டியதும் இல்லை. பிள்ளைகள் அமெரிக்காவிலும் வளைகுடாவிலும் இருக்க, தாயும் தந்தையும் மட்டும் அடுக்குமாடி வீட்டில் வாழும் குடும்பங்கள் நம் பங்கில் நிறைய. இவர்களுக்குத்தான் அந்த அழைப்பு வருகிறது. "உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது. நாங்கள் சி.பி.ஐ. நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள். யாரிடமும் சொல்லக்கூடாது." காக்கிச் சட்டையோடு ஓர் ஆள் திரையில் தோன்றுவான். பெரியவர் நடுங்கிப் போய், ஓய்வூதியச் சேமிப்பை எல்லாம் அவன் சொன்ன கணக்குக்கு அனுப்பிவிடுவார். டிஜிட்டல் கைது என்று நம் நாட்டுச் சட்டத்தில் எதுவுமே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதை எடுத்துச் சொன்னார். "யாரிடமும் சொல்லாதே" என்று ஒருவன் சொன்னால், உடனே நான்கு பேரிடம் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால், பணம் கைமாறிப் போகுமுன் அந்தக் கணக்கை முடக்க வழியுண்டு. இரண்டு நாள் கழித்துச் சொன்னால் அது பத்துக் கணக்குகளில் சிதறியிருக்கும். ஏமாந்தவர்களைப் பிள்ளைகள் போனில் திட்டுகிறார்கள் என்று கேள்விப்படுகிறோம். அந்தத் திட்டுக்குப் பயந்துதான் பலர் புகார் கொடுப்பதே இல்லை.

புகார் என்றதும் "இது எங்கள் எல்லை இல்லை, அந்த ஸ்டேஷனுக்குப் போங்கள்" என்ற பதில் நினைவுக்கு வருகிறது. எல்லை எதுவானாலும் முதல் தகவல் அறிக்கை பதிந்து உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும் என்பது இன்றைய சட்டம். அதன் நகலை இலவசமாகப் பெறுவது புகார்தாரரின் உரிமை. நகைகளைப் படமெடுத்து, ரசீதோடு எடையையும் குறித்து வைத்திருந்தால், மீட்கப்பட்ட பொருளைத் திரும்பப் பெறுவது எளிது.

இவ்வளவும் சொன்னபின் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினர் சுதர்சனம் தம் வீட்டிலேயே கொள்ளையரால் கொல்லப்பட்டார். நெடுஞ்சாலையோரத் தனி வீடுகளைக் குறிவைத்து, வடக்கேயிருந்து லாரிகளில் வந்த கும்பல் அது. மண்ணிவாக்கம், முடிச்சூர்ப் பக்கம் புது மனைகளில் தனித்தனியே வீடு கட்டியிருப்போர் எச்சரிக்கையாக இருக்க வேண்டியதுதான். நடு இரவில் யார் தட்டினாலும் கதவைத் திறக்காமல் மாடி விளக்கைப் போட்டு, அண்டை வீட்டாரையும் 100 அல்லது 112-ஐயும் அழைக்க வேண்டும். ஆனால் அந்தக் கும்பலை நினைத்துக்கொண்டு, நம் வீடுகளுக்கு ஓடு பதிக்கிற, நம் ஓட்டல்களில் மேசை துடைக்கிற வடநாட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரையும் சந்தேகிப்பது எந்த நியாயம்?

2018 மே மாதம் சென்னையைச் சேர்ந்த 65 வயது மூதாட்டி ஒருவர், குலதெய்வக் கோயிலுக்காகத் திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம் உறவினரோடு காரில் போனார். வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்ற வாட்ஸ்அப் வதந்தி அந்தச் சமயம் ஊர் ஊராய்ச் சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டம் சேர்ந்து அடித்தது. அந்த அம்மா இறந்தார். உடன் சென்றவர்கள் படுகாயமடைந்தனர். அடித்தவர்கள் கொள்ளையர் அல்லர். தங்கள் பிள்ளைகளைக் காக்கிறோம் என்று நம்பிய, நம்மைப் போன்ற குடும்பஸ்தர்கள். ஆகவே நம் பங்கின் வாட்ஸ்அப் குழுவில், காவல்துறையோ நேரில் கண்டவரோ உறுதி செய்யாத எச்சரிக்கையைப் போட வேண்டாம். ஒருவர் மேல் சந்தேகம் வந்தால் கேளுங்கள், போலீசைக் கூப்பிடுங்கள். படத்தைப் போட்டுப் பரப்பாதீர்கள், கை வைக்காதீர்கள்.

நிற்க. இந்த ஆண்டு நள்ளிரவுத் திருப்பலியின்போது, ஒவ்வொரு அன்பியத்திலிருந்தும் இரண்டு பேர் முன்மாலைத் திருப்பலியில் பங்குகொண்டு, இரவில் தெருவில் இருப்பதென்று இளைஞர்கள் முன்வந்திருக்கிறார்கள். கையில் டார்ச்சும் விசிலும் போதும், தடி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். வீட்டில் தனியாய் இருக்கும் முதியவர்களின் பெயரும், அவர்கள் பிள்ளைகளின் தொலைபேசி எண்ணும் எழுத ஒரு நோட்டுப் புத்தகம் பங்கு அலுவலகத்தில் வைக்கப்படும். அது பங்குத் தந்தையின் அலமாரியிலேயே பூட்டியிருக்கும். ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் வந்து எழுதிக் கொடுங்கள். நடக்க முடியாதவர்கள் சொல்லி அனுப்பினால் நாங்களே வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்கிறோம்.